மாப்பிள்ளையின் மார்ஷல் பெட்டி

சென்ற தை மாதம் பக்கத்து வீட்டு வாத்தியார் என்னைத் தேடி வந்தார். கையில் காகிதம் இல்லை. ஆனாலும் கொண்டுவந்தது மனுதான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் மனு வாங்கியவனுக்கு, எதிரில் ஆள் நிற்கிற நிலையிலேயே அது தெரிந்துவிடும்.

"ஐயா, உங்க மாப்பிள்ளை சாயங்காலம் ஒரு பெட்டியைப் போடறார். எங்கம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு. கட்டில் அதிருதுன்னு சொல்றாங்க."

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். என் அத்தை மகனும் அவர்தான். என்னைவிட இரண்டு வயது சிறியவர். 1962ல் எங்கள் அத்தை குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொண்டது, நாங்கள் வாங்கவில்லை. அதனால் அவர் 1972ல் சொல்தாவாகப் பாரிசுக்குக் கப்பல் ஏறினார், நான் பிரெஞ்சில் படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு இங்கிலீஷில் குறிப்பு எழுதும் குமாஸ்தாவானேன். இந்தக் கதை நம் ஊரில் பாதி வீடுகளில் உண்டு. பட்டாளத்துக்குப் பிறகு துலூஸில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இரண்டு வருஷத்துக்கு முன் ஊர் திரும்பிவிட்டார். கூடவே அந்தப் பெட்டியும் வந்தது.

பெட்டி என்றால் இரண்டு. மேலே இருப்பது ஆம்ப்ளிபயர், 50 வாட். கீழே இடுப்பு உயரத்துக்கு, 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு அடங்கிய மரப்பெட்டி. இங்கிலாந்தில் 1970களின் தொடக்கத்தில் செய்தது, மார்ஷல் என்ற பெயர். மாடல் எண் 1987. அது செய்த வருஷம் என்றே என் தங்கை இத்தனை காலமும் நினைத்திருந்தாள். வெறும் அட்டவணை எண்தான். கோப்பு எண் மாதிரி.

வாத்தியாருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு மாப்பிள்ளையிடம் போனேன். "சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வாசிங்களேன்" என்றேன்.

"குறைச்சா அது அது இல்ல, மச்சான்."

வாசித்துக் காட்டினார். குமிழை 2ல் வைத்து ஒரு கம்பியைத் தட்டினால் தகர டப்பாவில் ஆணி விழுந்த மாதிரி இருந்தது. 6ல் வைத்தார். அதே கம்பி, அதே விரல். ஒலி தடித்து, நீண்டு, ஓரத்தில் லேசாகக் கரகரத்து, அழுகிற குரல் மாதிரி நின்றது. எனக்கு மேல்நாட்டுச் சங்கீதம் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த எங்கள் அத்தையின் படமும் ஆடியது.

நாகசுரத்தை நினைத்துக்கொண்டேன். கோயில் வாசலுக்கென்று பிறந்த வாத்தியம் அது. மூச்சை முழுதாக ஊதினால்தான் அதன் நாதம். கூடத்தில் உட்கார்ந்து மெதுவாக ஊதச் சொன்னால் வித்வான் எழுந்து போய்விடுவார். ஆனால் நாகசுரத்துக்கு ஒரு மரபு இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு எப்படி அப்படி ஒரு குணம் வந்தது? ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம். படிக்க ஆரம்பித்தேன்.

உள்ளே இருப்பவை வால்வுகள். அமெரிக்கர்கள் குழாய் என்பார்கள், இங்கிலீஷ்காரர்கள் வால்வு என்பார்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் அது 'லாம்ப்', அதாவது விளக்கு. எனக்குப் பிரெஞ்சுப் பெயர்தான் பிடிக்கும், ஏனென்றால் அது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறது. அமெரிக்காவில் லீ தெ ஃபாரஸ்ட் 1906ல் செய்த குழாயை, முதல் உலகப் போரில் கர்னல் ஃபெரியேயின் ஆட்கள் பட்டாளத்துக்கு ஏற்றபடி திருத்தி, 1915லிருந்து லட்சக்கணக்கில் செய்தார்கள். ஐஃபல் கோபுரத்தை இடிக்காமல் காப்பாற்றியதில் பெரும் பங்கு இதே ஃபெரியேயின் கம்பியில்லாத் தந்திக்குத்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. காற்றில்லாத கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் உலோகத்துண்டு சூடாகிறது. அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரில் உள்ள தகட்டுக்கு ஓடுகின்றன. நடுவில் ஒரு கம்பிச் சல்லடை. சல்லடைக்குச் சின்ன மின்னழுத்தம் கொடுத்தால் பெரிய ஓட்டம் கூடிக் குறைகிறது. வாய்க்கால் மதகை ஒரு கையால் திறந்து மூடுவது போல. கிட்டார் கம்பியின் சிறு அசைவு இப்படித்தான் ஸ்பீக்கரை உதைக்கும் பலமாகிறது.

மதகுக்கு ஓர் எல்லை உண்டு. முழுதாகத் திறந்த பிறகு அதற்கு மேல் திறக்க முடியாது. அலையின் உச்சி அங்கே மழுங்கிவிடும். மழுங்கிய அலையில், வாசித்த சுரத்தோடு அதன் மேல் சுரங்கள் சிலவும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். அதுதான் அந்தக் கரகரப்பு. வால்வு சட்டென்று வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்குவதால் காதுக்கு உறுத்துவதில்லை. பொறியாளர்களுக்கு இது குற்றம். ஒலி சுத்தமாக வரவேண்டும் என்றுதான் அவர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள்.

குற்றத்தை விரும்ப ஆரம்பித்தவர்கள் ஏழைக் கிட்டார்க்காரர்கள். 1951ல் மெம்ஃபிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்ய வந்தவர்களின் ஆம்ப்ளிபயர் வழியிலேயே அடிபட்டுப் போயிருந்தது. கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்தார்கள். 1958ல் லிங்க் ரே என்பவர் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964ல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற பதினேழு வயதுப் பையன் சவர பிளேடால் ஸ்பீக்கரைக் கீறினான். மூவருக்கும் கிடைத்தது அதே பிசிறு, அதே புகழ்.

இதற்கு நடுவில்தான் மார்ஷல் வருகிறார். ஜிம் மார்ஷல் பிறந்தது 1923ல். சிறு வயதில் எலும்புருக்கி நோயால் பல வருஷம் உடம்பு முழுக்கக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர். பிறகு டிரம்ஸ் வாசித்தார், சொல்லிக்கொடுத்தார், மேற்கு லண்டனில் ஹான்வெல் என்ற இடத்தில் டிரம்ஸ் கடை வைத்தார். கடைக்கு வந்த கிட்டார்ப் பையன்கள், எங்களுக்கு வேண்டிய பெட்டி இங்கே இல்லை என்று முறையிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஃபெண்டர் பெட்டி வரும், ஆனால் விலை எட்டாது. அந்தப் பையன்களில் ஒருவர் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட்.

மார்ஷலுக்கு மின்சாரம் தெரியாது. தெரிந்த இருவரை வைத்துக்கொண்டார். கென் பிரான் என்ற ரிப்பேர்க்காரர், டட்லி கிரேவன் என்ற இளம் பயிற்சியாளர். ஃபெண்டரின் 'பாஸ்மேன்' என்ற பெட்டியைத் திறந்து பார்த்து அதேபோல் ஒன்று செய்தார்கள். அது பாஸ் கிட்டாருக்காகச் செய்த பெட்டி, சுத்தமான ஒலிக்கு. இவர்கள் முதல் வால்வை மாற்றிப் பெருக்கம் கூடியதைப் போட்டார்கள். பின்புறம் திறந்த பெட்டிக்குப் பதிலாக நான்கு 12 அங்குல ஸ்பீக்கரை மூடிய பெட்டியில் அடைத்தார்கள். சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஆனால் பிசிறு சீக்கிரம் வந்தது, கனமாக வந்தது. முதல் பெட்டி கடைக்கு வந்தது 1962 செப்டம்பரில். நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஆகஸ்ட் 16க்கு அடுத்த மாதம். எனக்கு அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் கண்ணில் படும்.

1966 வசந்தத்தில் எரிக் கிளாப்டனுக்கு வயது இருபத்தொன்று. ஜான் மேயால் குழுவோடு டெக்கா நிறுவனத்தின் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு மார்ஷல் பெட்டியைக் கொண்டுபோனார். கூடத்தில் அடக்கி வாசிப்பதுதான் அன்றைய வழக்கம். இவர் மேடையில் வாசிப்பது போலவே முழுச் சத்தத்தில் வாசிப்பேன் என்றார். மைக்கைப் பெட்டியின் வாயில் வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள் என்றார். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன் திகைத்தார். கடைசியில் பையன் சொன்னபடிதான் நடந்தது. ஜூலையில் தட்டு வெளிவந்த பிறகு உலகத்துக் கிட்டார்ப் பிள்ளைகளெல்லாம் அந்த நாதத்தைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை அந்தத் தட்டை முதலில் கேட்டது பட்டாளத்துப் பாசறையில். இப்போதும் அதைத்தான் தேடுகிறார்.

பிறகு நடந்தது சத்தப் போட்டி. டவுன்ஷெண்ட் கேட்டார் என்று 1965ல் 100 வாட் பெட்டி வந்தது. எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்ததைத் தூக்க ஆளில்லாமல் இரண்டாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். 1976ல் லண்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில் 'தி ஹூ' வாசித்தபோது 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் என்று கின்னஸ் புத்தகம் எழுதியது. நம் நாட்டு 2000ஆம் வருஷத்து விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது, "நீங்க இன்னும் ரிட்டயர் ஆகல மச்சான்" என்றார்.

இப்போது மனுவின் சாரத்துக்கு வருகிறேன். ஏன் குறைத்து வாசித்தால் அது அதுவாக இல்லை?

காரணம் மூன்று. முதலாவது நான் சொன்ன மதகு. முன்னால் உள்ள சிறிய வால்வுகள் மட்டுமல்ல, பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகளும், அவற்றோடு சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மரும், ஏன், ஸ்பீக்கரின் காகிதமும்கூடத் திணறும்போதுதான் அந்த ஒலி. பெரிய வால்வு திணற வேண்டுமானால் 50 வாட்டும் வெளியே வந்தாக வேண்டும். இரண்டாவது கணக்கு. பாதிச் சத்தம் வேண்டுமென்றால் பாதி வாட் போதாது, நம் காதுக்குப் பாதியாகத் தோன்ற பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். 50 வாட்டை 5 ஆக்கினால்தான் பாதி. 100 வாட் பெட்டிக்கும் 50 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல்தான். பெட்டியை மாற்றியும் பயனில்லை. மூன்றாவதுதான் என்னை வியக்கவைத்தது. 1933ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் கண்டது இது. ஒலி குறையக் குறைய நம் காது அடிச்சுரத்தையும் உச்சத்தையும் அதிகமாக இழக்கிறது. ஆகவே பெட்டி அதே ஒலியைத் தந்தாலும் மெதுவாகக் கேட்டால் மெலிந்துதான் கேட்கும்.

இதற்கு மேல்நாட்டில் ஐம்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறார்கள். மார்ஷலே 1975ல் இரண்டு குமிழ் வைத்தது. ஒன்று முன் வால்வைத் திணறடிக்க, ஒன்று மொத்தச் சத்தத்தைக் குறைக்க. முன் வால்வின் பிசிறு கிடைக்கும், பின் வால்வின் பிசிறு கிடைக்காது. மாப்பிள்ளையின் பெட்டி அதற்கு முந்தியது, ஒரே குமிழ் வழி. அதில் புதுக் குமிழுக்குத் துளை போடச் சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வை, தேர்ச் சிற்பத்தில் ஆணி அடிக்கச் சொன்னவனைப் பார்ப்பது போலிருந்தது.

எட்டி வான் ஹேலன் 1978ல் வந்த முதல் தட்டில், வேரியாக் என்ற கருவியால் பெட்டிக்குப் போகும் மின்சாரத்தையே குறைத்தார். 110 வோல்ட் பெட்டிக்கு ஏறக்குறைய 90 வோல்ட். ஆனால் பத்திரிகைக்காரர்களிடம் கூட்டினேன் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். அதை நம்பிப் பெட்டியை எரித்துக்கொண்டவர்கள் உண்டு. நம் ஊர் மின்சாரம் சில சாயங்காலங்களில் செலவில்லாமல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிளாப்டனே நாலு வருஷம் கழித்து, 1970ல் மயாமியில் 'லைலா' தட்டைப் பதிவு செய்தபோது வாசித்தது ஃபெண்டரின் 'சாம்ப்' என்ற சின்னப் பெட்டியில். சுமார் 5 வாட். சின்ன மதகு சீக்கிரம் நிரம்பும். இதை நான் சொன்னபோது மாப்பிள்ளை பேசவில்லை. அவருக்கு முன்னமே தெரியும்.

கடைசியாக நாங்கள் கைக்கொண்டது, பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் என்ற பொறியாளர் 1980 வாக்கில் 'பவர் சோக்' என்று கடைக்குக் கொண்டுவந்த வழி. பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு தடைக் கருவி. வால்வு முழுதாகத் திணறட்டும், வருகிற பலத்தில் பெரும்பகுதி இந்தக் கருவியில் சூடாகப் போகட்டும், மிச்சம் ஸ்பீக்கருக்கு. துலூஸிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி ஒன்று வரவழைத்தார். ஓம் கணக்கு பெட்டிக்கும் கருவிக்கும் ஸ்பீக்கருக்கும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் இந்தப் பெட்டியைப் போடவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்ஸர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். தெரியாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு டெசிபல் குறைக்கும்வரை நாதம் நின்றது. அதற்கு மேல் போனால் கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்பீக்கர் திணறவில்லையே. கட்டில் அதிர்ந்ததற்கு வேறு வைத்தியம். ஸ்பீக்கர் பெட்டி பொதுச்சுவரை ஒட்டி வெறும் தரையில் நின்றது. அதை நகர்த்தி, அடியில் தென்னைநார் மெத்தைத் துண்டும் ரப்பரும் வைத்து, தோட்டத்துப் பக்கம் திருப்பினோம். மறுநாள் வாத்தியார் வீட்டில் போய் அந்த அம்மாளின் கட்டிலில் நானே உட்கார்ந்து பார்த்தேன். அதிரவில்லை.

மனு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரமே சத்தம் மறுபடி ஏறியது. தங்கைதான் சொன்னாள், டிவியும் அப்படித்தான், போனும் அப்படித்தான் என்று. உச்ச ஒலிக் குமிழை அவர் கடைசிவரை திருப்பி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் நின்றால் ஊசி குத்துவது போல இருந்தது, அவருக்கோ போதவில்லை.

காது மருத்துவரிடம் கூட்டிப்போக மூன்று வாரம் மன்றாட வேண்டியிருந்தது. வரைபடம் வந்தது. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம். கிட்டாரின் பளபளப்பு இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். பீரங்கிப் படையில் இருந்தவர், பிறகு இந்தப் பெட்டி. எது எவ்வளவு என்று யார் பிரிப்பது? ராத்திரியில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "பத்து இருக்கும்." கிளாப்டனும் 2018ல் தன் காது போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே இரைச்சல் என்று வானொலியில் சொன்னார். டவுன்ஷெண்ட் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார். 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது என்பது இன்றைய கணக்கு. அந்தப் பெட்டி முழுசாகத் திறந்தால் ஒரு மீட்டரில் 110ஐத் தாண்டும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைத்தது வேறு விஷயம்.

1970ல் என்று நினைக்கிறேன். எங்கள் தாத்தாவிடம் ஒரு பிலிப்ஸ் ரேடியோ இருந்தது. வால்வு ரேடியோ, பச்சைக் கண் வைத்தது. பின்னால் கிராமபோன் பெட்டியை இணைக்க ஒரு துளை இருக்கும். மாப்பிள்ளை ஒரு பழைய டெலிபோனின் காதுப்பக்கத்துச் சில்லைக் கழற்றி, தன் சாதாரணக் கிட்டாரில் ஒட்டி, அந்தத் துளையில் செருகிவிட்டார். ரேடியோ உறுமியது. நான் ஓடிவந்து பிடுங்கி எறிந்தேன். ரேடியோவை எரிக்கிறான் என்று மாமாவிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அவருக்கு நல்ல அடி. அதற்குப் பிறகு ஊரில் இருந்தவரை அவர் கிட்டாரைத் தொடவில்லை. ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் திருச்சி வானொலி வழக்கம்போலப் பாடியது. அன்று அவர் கண்டுபிடித்தது லண்டனில் பையன்கள் பிளேடு வைத்துத் தேடிய அதே பிசிறுதான். எங்கள் வீட்டில் யாருக்கும், முக்கியமாக எனக்கு, அது தெரியவில்லை.

மறுநாள் இதைச் சொன்னேன். "நீங்கதான் சொன்னீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் மச்சான்" என்றார். தங்கை காப்பி கொண்டுவந்தாள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இப்போது சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தரை வரை வாசிக்கிறார். பட்டாளத்துக் காதடைப்பான் போட்டுக்கொண்டுதான். உச்ச ஒலிக் குமிழை அவர் தொடக்கூடாது என்று ஏற்பாடு. நான் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்காருவேன். "போதுமா மச்சான்?" என்று கேட்பார். கூடுதல் என்றால் கையைத் தாழ்த்துவேன், சரி என்றால் தலையாட்டுவேன். எனக்கு இன்னும் அந்தச் சங்கீதம் பிடித்துவிடவில்லை. ஆனால் எது சரி என்று இப்போது தெரிகிறது.

பரணிலிருந்து தாத்தாவின் ரேடியோவையும் இறக்கியிருக்கிறோம். வால்வுகள் மஞ்சளாக எரிகின்றன, சூடான தூசி வாசனையும் வருகிறது. பச்சைக் கண்தான் திறக்கவில்லை. ஈஎம் 34 என்ற வால்வு. யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.